முகாம் ஒன்றே போதுமா?

நம் சங்கத்தின் சென்ற கூட்டத்தில், பொங்கல் விழாவோடு இலவசக் கண் மருத்துவ முகாம் ஒன்றும் நடத்தலாம் எனத் தோழர் ஒருவர் முன்மொழிந்தார். மன்றமே கைதட்டி வரவேற்றது. தட்டாதிருந்தவன் நான் ஒருவனே. "இதிலுமா உனக்கு மாறுபட்ட கருத்து?" என்று நண்பர்கள் கேலி செய்தனர். அவர்களுக்கு என் விடை இது.

அருப்புக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊர். என் அப்பத்தாவுக்கு இரு கண்களிலும் புரை. இரண்டு கல் தொலைவில் முகாம் நடந்தது. சோதனை இலவசம், அறுவை இலவசம், பேருந்தும் சாப்பாடுங்கூட இலவசம். அப்பத்தா போகவில்லை. "ஆட்டை யாரு பாக்குறது? கூட வாரவுகளுக்குக் கூலி போயிருமே" என்றார். அடுத்த முகாம் வருமுன் கிணற்றடியில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. கண் தெரியாமல் விழுந்தார் என்று ஒருவரும் சொல்லவில்லை. வயதாகிவிட்டது என்றே சொன்னார்கள்.

இஃது எங்கள் வீட்டுக் கதை மட்டுமன்று. தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் நடத்தப்பெற்று 1999-இல் வெளியான ஆய்வொன்று, முகாம் நடந்த இடங்களிலும் கண்குறை உடையோரில் பத்தில் ஒரு பங்கினர்கூட அங்கு வரவில்லை எனக் காட்டிற்று. அச்சம், செலவு, வீட்டுப் பொறுப்பு ஆகியவையே தடைகள்.

முகாமை இழித்துரைப்பது என் நோக்கமன்று. 1976-இல் பதினொரு படுக்கைகளோடு டாக்டர் வெங்கடசாமி மதுரையில் தொடங்கிய அரவிந்த் மருத்துவமனை ஊர் ஊராய் முகாம் நடத்தி வளர்ந்ததே. அந்த அரவிந்தே பின்னாளில் சிற்றூர்களை ஒட்டி நிலையான கண் நிலையங்களைத் திறந்தது ஏன்? புரையை ஒருமுறை அறுத்துச் செயற்கை வில்லை பொருத்தினால் பார்வை மீளும். நீரிழிவுக்காரரின் விழித்திரையையோ ஆண்டுதோறும் பார்த்தாக வேண்டும். கண் அழுத்த நோயில் போன பார்வை போனதுதான். எஞ்சியதைக் காக்க விடாமல் சொட்டு மருந்திட வேண்டும். காலையில் பந்தலிட்டு மாலையில் பிரிக்கும் ஏற்பாட்டால் இவை ஆகுமா? இயற்பியல் பயிலும் எனக்கு இன்னொரு வெட்கமும் உண்டு: ஒரு சிறு குவிவில்லை கிட்டாமல் நாற்பது வயதுத் தையற்காரர் ஊசியைக் கீழே வைக்கிறார்!

நாம் வாழும் ஐதராபாத்திலேயே ஒரு வழி காட்டப்பட்டிருக்கிறது. 'மனோகரா' படத்தை இயக்கிய எல். வி. பிரசாத் நிலமும் பொருளும் ஈந்தார். அவர் பெயரால் 1987-இல் எழுந்த கண் மருத்துவ நிறுவனம், ஐம்பதினாயிரம் மக்களுக்கு ஒரு கண் நிலையம் என வகுத்து, அவ்வப்பகுதி இளைஞரையே பயிற்றி அமர்த்துகிறது. ஆட்டைக் கட்டிவிட்டுப் போய்வரும் தூரம் அது! அப்பத்தா போயிருப்பார்.

ஆகவே தோழர்களே, பந்தலும் பதாகையும் வேண்டா. நம் விடுதிச் சமையற்கூடத்தில் அரிசி பொறுக்கும் அம்மையார் முறத்தைச் சன்னலோரம் கொண்டுபோய்க் கையை நீட்டிப் பார்ப்பதைக் கண்டிருக்கிறீர்களா? அத்தகையோரைக் கண் மருத்துவமனைக்கு நாமே அழைத்துச் செல்வோம். அன்றைய கூலியைச் சங்கம் கொடுக்கட்டும். மறுமுறை வரச்சொன்ன நாளைக் குறித்துவைத்து மீண்டும் அழைத்துச் செல்ல, ஆளுக்கொரு மாணவர் பொறுப்பேற்கட்டும். ஆண்டு மலரில் போட ஒளிப்படம் கிடைக்காது, அவ்வளவுதான்.

இருவர் பெயரை நான் எழுதிக்கொண்டேன். அவ்விருவருக்கும் தமிழ் தெரியாது. எனக்குத் தெலுங்கில் நான்கு சொற்களே தெரியும். தெலுங்கறிந்த தோழர் ஒருவர் உடன் வருவாரா?