சுமந்தவர் இல்லாத சேனை வரலாறு

ஆங்கிலேயப் படையணிகளின் வரலாறுகள் நூல்நிலையங்களில் தடித்த அட்டைகளோடு வரிசையாக நிற்கின்றன. எதைப் புரட்டினாலும் அமைப்பு ஒன்றே. படையணி தோன்றிய ஆண்டு, தளபதிகளின் வரிசை, கொடியிற் பொறித்த போர்க்களப் பெயர்கள், பதக்கம் பெற்றோர் பட்டியல் என்று அது செல்லும். படையணி ஒரு பெருங்குடும்பம் என்று முன்னுரை பேசும். அக்குடும்பத்துக்குச் சோறு சுமந்தவன் யார்? காயம்பட்டவனைத் தோளில் ஏற்றியவன் யார்? வழியில் விழுந்து இறந்தவனின் ஊர் எது? இவற்றுக்கு அந்நூல்களில் விடை தேடுவோர் பெரும்பாலும் ஏமாற்றமே அடைவர். இந்த மௌனம் தற்செயலானதன்று என்பதே நமது வாதம்.

1914 முதல் 1918 வரை கிழக்காபிரிக்காவில் நடந்த யுத்தத்தை எடுத்துக்கொள்வோம். இன்றைய கென்யாவில் ஆங்கிலேயர். இன்றைய தன்சானியாவின் பெருநிலத்தில் ஜேர்மனியர். இரு ஏகாதிபத்தியங்களும் பிறர் மண்ணில், பிறர் உடலைக் கொண்டு பொருதின. 'மன்னரின் ஆபிரிக்க றைபிள்ஸ்' என்னும் படையணி யுத்தத் தொடக்கத்தில் மூன்று பட்டாளங்களாக இருந்து, முடிவில் 22 பட்டாளங்களாகப் பெருகியது. இதனைப் படையணி வரலாறுகள் பெருமையோடு கூறுகின்றன. ஆனால் அப்பட்டாளங்கள் நகர்ந்தது எவ்வாறு?

தெற்றீ ஈயின் கடியால் குதிரையும் கோவேறு கழுதையும் ஆயிரக்கணக்கில் மடிந்தன. இருப்புப் பாதை சில இடங்களிலேயே இருந்தது. மழை பெய்தால் மோட்டார் வண்டி சேற்றில் புதைந்தது. எஞ்சியது மனிதனின் தலையும் தோளும். இங்கே ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒருவன் 50 இறாத்தல் மா சுமக்கிறான். அவனுக்கு நாளொன்றுக்கு 2 இறாத்தல் உணவு வேண்டும் என்று கொள்வோம். பத்து நாள் நடந்து, பத்து நாள் திரும்பினால், 40 இறாத்தல் அவன் வயிற்றுக்கே போதும். முன்னணியில் நிற்கும் படைவீரனுக்குப் போய்ச் சேருவது 10 இறாத்தல். படை முன்னேற முன்னேறச் சுமைகாரர் தொகை பல மடங்காகும். அல்லது சுமைகாரனின் வயிறு சுருக்கப்படும். ஏகாதிபத்தியம் இரண்டையும் செய்தது. ஆட்களையும் பெருக்கியது, அவர்களது உணவையும் குறைத்தது. அரைவேக்காட்டுச் சோள மாவும் அசுத்த நீரும் வயிற்றுளைச்சலைக் கொடுத்தன. மலேரியாவும் நிமோனியாவும் துணைக்கு வந்தன. துப்பாக்கிக் குண்டு கொன்ற சுமைகாரர் சிலர். நோயும் பட்டினியும் கொன்றவர்களே பெருந்தொகையினர்.

இவர்கள் தாமாக வந்தவர்கள் என்று எவரும் கூறத் துணியார். 1915 இல் பிரித்தானியக் கிழக்காபிரிக்காவில் கட்டாய ஆட்சேர்ப்புக்குச் சட்டம் இயற்றப்பட்டது. 1917 இல் ஊரூராக ஆள்பிடிப்பு நடந்தது. கூலியோ மாதம் ஐந்து ரூபா அளவில். ஆங்கிலேயர் பக்கத்தில் மட்டும் சுமை தூக்கச் சேர்க்கப்பட்ட ஆபிரிக்கர் சுமார் பத்து லட்சம் பேர். உத்தியோகபூர்வக் கணக்கின்படியே இறந்தவர் 95,000 வரையில். உண்மைத் தொகை ஒரு லட்சத்தைத் தாண்டும் என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. பத்தில் ஒருவன் வீடு திரும்பவில்லை.

ஜேர்மன் பக்கத்திலும் நீதி இருக்கவில்லை. தளபதி லெட்டோ-வோர்பெக் 'தோல்வி காணாத வீரன்' என்று ஐரோப்பாவிற் புகழப்பட்டார். எதிரிகளும் அவரைப் பாராட்டினர். அவரது படை சென்ற வழியெல்லாம் தானியம் பறிக்கப்பட்டது. ஊர்மக்கள் சுமை தூக்க இழுத்துச் செல்லப்பட்டனர். இரு படைகளும் ஆளையும் தானியத்தையும் மாட்டையும் கொண்டுபோன உகோகோ நாட்டில், மழையும் பொய்த்தபோது, பெரும் பஞ்சம் வந்தது. அம்மக்கள் அதனை 'ம்துன்யா' என்றனர். இரு தளபதிகள் ஒருவருக்கொருவர் காட்டிய கண்ணியத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவோர் இப்பஞ்சத்துக்கு எத்தனை வரி ஒதுக்கினர்?

பிரித்தானிய அரசின் உத்தியோகபூர்வ யுத்த வரலாற்றைப் பாருங்கள். கிழக்காபிரிக்கா பற்றிய முதற் தொகுதி 1941 இல் வெளிவந்தது. அது 1916 செப்ரெம்பருடன் நின்றுவிடுகிறது. இரண்டாந் தொகுதி வெளிவரவே இல்லை. சுமைகாரர் கூட்டங்கூட்டமாக மடிந்த 1917 ஆம் ஆண்டு அந்த வெளிவராத தொகுதிக்கு உரியது. சுமைகாரர் படையைப் பற்றி ஜெஃப்ரி ஹொட்ஜஸ் எழுதிய தனி நூல் 1986 இலேதான் வந்தது. எழுபது ஆண்டு தாமதம்!

படையணி வரலாறு புகழை மட்டும் பங்கிடுவதில்லை, பழியையும் பங்கிடுகிறது. 1914 நவம்பரில் தங்கா துறைமுகத்தைத் தாக்கச் சென்ற இந்தியப் படையில், பாளையங்கோட்டையின் பெயர் தாங்கிய 63 ஆவது காலாட்படையும் இருந்தது. வாரக்கணக்காகக் கப்பலில் அடைபட்டுக் கிடந்த சிப்பாய்கள், முன்கூட்டி வேவு பார்க்கப்படாத காட்டுக்குள் ஏவப்பட்டனர், சிதறி ஓடினர். திட்டமிட்ட ஜெனரல் எயிற்கனின் பிழை பெரிது. ஆயினும் 'சென்னைச் சிப்பாய் போருக்கு லாயக்கற்றவன்' என்ற பழைய இனவாதப் பேச்சுக்கு அத்தோல்வி மேலும் ஒரு சான்றாக்கப்பட்டது. வெற்றியானால் தளபதிக்குப் பட்டம். தோல்வியானால் சிப்பாயின் சாதிக்குப் பழி. சுமைகாரனுக்கு இரண்டிலும் பங்கில்லை.

"பெயர்ப் பதிவேடுகள் இல்லையே, பெயரில்லாமல் வரலாறு எழுதுவது எங்ஙனம்?" என்று சிலர் நியாயம் பேசுவர். உயிரோடிருந்த ஆபிரிக்கனைப் பதிவு செய்வதில் அந்த அரசு சளைத்ததா? யுத்தம் முடிந்து இரண்டு ஆண்டுகளுக்குள், கென்யாவில் பதினாறு வயதுக்கு மேற்பட்ட ஆபிரிக்க ஆண் ஒவ்வொருவனும் 'கிபாண்டே' என்னும் பதிவுச் சீட்டைத் தகரக் கூட்டிலிட்டுக் கழுத்திலே தொங்கவிடுமாறு சட்டம் கட்டாயப்படுத்தியது. விரலடையாளம், எசமானின் பெயர், கூலி எல்லாம் அதில் உண்டு. தோட்டத்தை விட்டு ஓடுபவனைப் பிடிக்கப் பதிவேடு கிடைத்தது; செத்தவனின் பெயரைக் கல்லில் வெட்டப் பதிவேடு கிடைக்கவில்லை என்கிறார்கள். இதனை நாம் நம்ப வேண்டுமாம்!

கிடைக்கவில்லை என்பதிலும், வேண்டியிருக்கவில்லை என்பதே உண்மைக்கு அண்மையானது. தகுதி, இனம், மதம் பாராது இறந்தோர் யாவரையும் சமமாகப் போற்றுவோம் என்று கூறிக்கொண்டது 1917 இல் நிறுவப்பட்ட ஏகாதிபத்திய யுத்தக் கல்லறை ஆணைக்குழு. தார் எஸ் சலாமிலும் பிற இடங்களிலுமிருந்த சுமைகாரரின் பரந்த இடுகாடுகளோ, விரைவிற் காடாகிப் போகட்டும் என்பது தங்கனீக்காத் தேசாதிபதி ஹோரஸ் பயற்றின் கருத்தாயிருந்தது. நைரோபியில் 1928 இல் எழுப்பிய நினைவுச் சின்னம், சுமைகாரரைப் படையின் காலும் கையுமாக இருந்தவர்கள் என்று போற்றுகிறது. நாட்டுக்காக மடிந்தால் மைந்தர் உங்கள் பெயரை நினைவுகூர்வர் என்றும் உறுதி கூறுகிறது. அந்தக் கல்லில் ஒரு சுமைகாரனின் பெயராவது உண்டா? இல்லை.

2021 ஏப்ரிலில், இன்று பொதுநலவாயப் பெயர் தாங்கும் அதே ஆணைக்குழு, தன் சொந்த விசாரணை அறிக்கையை வெளியிட்டு மன்னிப்புக் கோரியது. குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரையிலும், பெயர் சொல்லி நினைவுகூரப்படவில்லை, அல்லது நினைவுகூரப்படவே இல்லை என்று அவ்வறிக்கை ஒப்புக்கொண்டது. இவர்களிற் பெரும்பாலோர் ஆபிரிக்கரும் மத்தியகிழக்கு மக்களுமாவர். நூறாண்டு கழிந்து வந்த மன்னிப்பை நாம் ஏளனஞ் செய்யவில்லை. ஆனால் மன்னிப்பு வரலாறு ஆகிவிடாது. ஏன் அவர்கள் பிடிக்கப்பட்டனர், அவர்கள் உழைப்பினால் எவர் ஆதாயம் பெற்றனர், திரும்பி வந்தோர் என்ன செய்தனர் என்பவற்றைக் கல்வெட்டு விளக்காது. திரும்பிய மண்ணில் அவர்களுக்குக் காத்திருந்தவை உயர்ந்த வரியும் கிபாண்டேயுமே. அவற்றை எதிர்த்து எழுந்த ஹாரி துக்கு கைதானபோது, 1922 மார்ச்சில் நைரோபியில் திரண்ட மக்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. சுமைகாரர் படையின் வரலாற்றுக்கு அடுத்த அத்தியாயம் இங்கேயுண்டு. அதனைப் படையணி நூலிற் காண முடியாது.

போர்புரியும் பிரிவு, துணைப் பிரிவு என்ற பாகுபாடு இராணுவ நிருவாகத்துக்கு வசதியாக இருக்கலாம். வரலாற்றில் அது வர்க்கக் கோடாகவும் நிறக் கோடாகவும் மாறுகிறது. ஏந்தியவனுக்குப் புகழ், சுமந்தவனுக்கு மறதி என்ற அந்த நியதியை ஈழத்து மக்களும் அறிவர். மலைநாட்டில் காடழித்துத் தோட்டமாக்கிய கரங்களை விட்டு, துரைமாரின் பெயர்களையே நெடுங்காலம் வரலாறு என்று நாம் படிக்கவில்லையா?

ஆசிரிய நண்பர்களே, மாணவத் தோழர்களே! எந்த நாட்டுப் படையின் வரலாறு கையில் வந்தாலும், அதன் போர்க்களப் பட்டியலை மனனஞ் செய்யுமுன் அதன் உணவுக் கணக்கைக் கேளுங்கள். சுமந்தவரின் கூலி எவ்வளவு, அவர் புதைந்த இடம் எது என்று வகுப்பறையிலே வினவுங்கள். நைரோபியில் 'கரியாக்கோர்' என்றும், தார் எஸ் சலாமில் 'கரியாக்கூ' என்றும் இரு பகுதிகள் இன்றும் உள்ளன. சுமைகாரர் படையின் ஆங்கிலப் பெயர் மக்கள் நாவில் திரிந்து நிலைத்த பெயர்கள் அவை. அரசின் கல் மறந்ததை அங்காடித் தெரு மறக்கவில்லை. மக்களின் அந்த நினைவிலிருந்தே படைகளின் வரலாறு புதிதாக எழுதப்படல் வேண்டும்.