இருபுறமும் தலை!

ஒரு நாணயம். சுண்டி எறிந்தால் தலை விழுகிறது. மீண்டும் எறிந்தால் மீண்டும் தலை. பூ விழவே விழாது. ஏனெனில் அந்த நாணயத்துக்குப் பூ கிடையாது, இருபுறமும் தலை!

'ஷோலே' படத்தைக் கண்டவர்கள் அந்த நாணயத்தை மறந்திருக்கமாட்டார்கள். அதை வைத்திருப்பவன் ஜெய். அவனுடைய கூட்டாளி வீரு. அமிதாப் பச்சன் ஒருவர், தர்மேந்திரா மற்றொருவர். இருவரும் திருடர்கள், சிறைக்குப் போவதும் வருவதும் அவர்களுக்கு மாமியார் வீட்டு விருந்து. உத்தமர்கள் என்று அவர்களே சொல்லிக்கொண்டதில்லை. எனினும் 1975 ஆகஸ்டு 15-ஆம் நாள் வெளிவந்த அந்தப் படத்தில் மக்கள் நெஞ்சில் ஏந்திக்கொண்டது அந்த இரு திருடர்களைத்தான். தொடக்கத்தில் படம் எடுபடவில்லை என்று உதட்டைப் பிதுக்கினார்கள் வியாபாரிகள். மக்களோ, பார்த்தவர் பாராதவருக்குச் சொல்லி, பம்பாய் மினர்வா கொட்டகையில் அதை ஐந்தாண்டுகளுக்குமேல் ஓடவைத்தார்கள். வசனங்களை மட்டும் இசைத்தட்டில் வாங்கி வீட்டிலே போட்டுக் கேட்டார்கள்.

கதை நாமறிந்ததுதான். தாக்கூர் பல்தேவ் சிங், முன்னாள் போலீஸ் அதிகாரி. கொள்ளைக்காரன் கப்பர் சிங் அவர் குடும்பத்தைச் சுட்டுக் கொன்றான், சின்னஞ்சிறு பேரனையும் விடவில்லை. பிறகு அவருடைய இரு கரங்களையும் வெட்டினான். கையிழந்த அந்த மனிதர், தாமே ஒருகாலத்தில் கைது செய்த இரு திருடர்களைக் கூலி பேசி ராம்கட் கிராமத்துக்கு அழைத்து வருகிறார். எதற்கு? கப்பரை உயிரோடு பிடித்துத் தம்மிடம் ஒப்படைக்க. கரமில்லாதவருக்குக் காலுண்டு, அந்தக் காலில் ஆணி பதித்த காலணி உண்டு!

ரமேஷ் சிப்பி எடுத்த முடிவில், அந்தக் காலணியால் கப்பர் சாகிறான். ஆனால் படம் தணிக்கைக் குழுவின் முன் போன நேரம் எது? 1975 ஜூன் 25 இரவு நெருக்கடி நிலை பிறந்தாயிற்று. போலீஸ் வேலை பார்த்தவர் சட்டத்தைத் தம் காலில் எடுத்துக்கொள்வதா, கூடாது என்றார்கள். முடிவைத் திரும்பப் படம் பிடித்தார்கள். புதிய முடிவில், கடைசி நிமிடத்தில் போலீஸ் வருகிறது. சட்டம் பார்த்துக்கொள்ளும் என்கிறது. தாக்கூர் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொள்கிறார்.

வந்ததே போலீஸ்! பிள்ளைகள் சுடப்பட்டபோது வராத போலீஸ், கரங்கள் வெட்டப்பட்டபோது வராத போலீஸ், கிராமத்தார் மூட்டை மூட்டையாகத் தானியத்தைக் கொள்ளையருக்கு அளந்தபோது வராத போலீஸ், கப்பரைக் காப்பாற்ற மட்டும் காலம் தவறாமல் வந்தது!

பழிக்குப் பழி என்று பரணி பாடுகிறவர்கள் அல்ல நாம். கொலைகாரனையும் நீதிமன்றத்தில் நிறுத்தவேண்டும் என்பதே நம் கட்சி. அதைச் சொன்னவர் யார் என்பதுதான் கேள்வி. திரையிலே சட்டத்தின் மாண்பைக் காக்கச் சொன்ன அதே டில்லி, தரையிலே என்ன செய்தது? 'மிசா' என்ற இரண்டெழுத்தைக் காட்டி, விசாரணையின்றி ஆயிரக்கணக்கானவர்களைச் சிறையில் பூட்டியது. அப்படி அடைபட்டவர் நீதிமன்றக் கதவைத் தட்டவும் முடியாது என்று 1976 ஏப்ரல் 28-இல் உச்சநீதிமன்றமே தீர்ப்பளித்தது. அம்ரித் நகாதா எடுத்த 'கிஸ்ஸா குர்சி கா', நாற்காலியைக் கேலி செய்த குற்றத்துக்காகப் பறிமுதலாகி, படச்சுருளே எரிந்து சாம்பலாயிற்று. கொள்ளைக்காரன் கப்பருக்கு நீதிமன்றம் உண்டு, குடிமகனுக்கு இல்லை! சுண்டிப் பாருங்கள் அந்த ஆட்சியின் நாணயத்தை. இருபுறமும் தலை, அதுவும் ஒரே தலை!

ஜெய்யிடம் இருந்ததும் பொய் நாணயந்தான். ஆனால் அவன் அதை எதற்குப் பயன்படுத்தினான்? குண்டடிபட்ட நிலையில், பாலத்தருகே யார் நின்று எதிரிகளைத் தடுப்பது, யார் தப்பிப்பது என்று சுண்டினான். 'வென்று', தான் நின்றான். நண்பன் திரும்பி வந்தபோது அவன் மடியில் உயிர் விட்டான். பிறகுதான் வீரு நாணயத்தைத் திருப்பிப் பார்க்கிறான்.

படம் எடுத்தவர்களிடமும் நமக்கு ஒரு வழக்கு உண்டு. தாக்கூரின் மருமகள் ராதா, வெள்ளைச் சேலையில் விளக்கேற்றி விளக்கணைக்கும் இளம் விதவை. அவளுக்கும் ஜெய்க்கும் மணம் முடிக்க மாமனாரே அவளுடைய தந்தையிடம் பேசுகிறார். ஆகா என்று நிமிர்ந்து உட்காருகிறோம். அடுத்து என்ன? மாப்பிள்ளையைக் கொன்றுவிடுகிறார்கள்! தொடக்கத்தில் வசூல் மந்தமென்ற பேச்சு எழுந்தபோது, ஜெய்யைப் பிழைக்கவைக்கலாமா என்று யோசித்ததும் உண்டு. யோசித்ததோடு சரி. நட்புக்காகச் செத்தான் என்று கண்ணீர் வடிக்கிறோம். அந்தக் கண்ணீர் மறைவில் விதவை மீண்டும் சாளரத்தை மூடிக்கொள்கிறாள். இந்த இடத்தில் எந்தத் தணிக்கைக்காரனும் கத்தரியை எடுக்கவில்லை. தேவைப்படவில்லை!

அரை நூற்றாண்டுக்குப் பிறகு, 2025 ஜூனில், இத்தாலியின் பொலோனா நகரில் பழைய முடிவோடு சீரமைத்த படத்தைத் திரையிட்டார்கள். அதில் கப்பர் செத்து விழுகிறான். தாக்கூர் வெற்றி முழக்கமிடவில்லை, அழுகிறார். பழி தீர்த்தும் பிள்ளைகள் திரும்பவில்லை, கரங்கள் முளைக்கவில்லை. கொலையை வெட்டிய டில்லிக் கத்தரி, அந்த அழுகையையும் சேர்த்து வெட்டியிருந்தது.