சீனா அடைத்த குழாய்... எகிறும் கனிமப் பங்குகள்: இப்போ வாங்கலாமா? 2011 சொல்லும் பாடம் என்ன?

"கனிமத் தட்டுப்பாடு வருது... இந்தப் பங்கை இப்பவே வாங்கிப் போடுங்க!" இப்படி ஒரு மெசேஜ் உங்க வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களிலும் சுற்றியிருக்கலாம். தட்டுப்பாடு இருப்பது உண்மைதான். ஆனால், தட்டுப்பாடு வந்தாலே லாபம் நிச்சயமா? இதே கதை 15 வருஷத்துக்கு முன்னாடியும் ஒருமுறை நடந்திருக்கு. அப்போ என்ன ஆச்சு? விரிவாகப் பார்க்கலாம்.

தட்டுப்பாடு எப்படி வந்தது?

2025 ஏப்ரல் 2-ம் தேதி, அமெரிக்க அதிபர் டிரம்ப் உலக நாடுகள் மீது புதிய வரிகளை அறிவித்தார். இரண்டே நாளில் சீனா பதிலடி கொடுத்தது. டிஸ்புரோசியம், டெர்பியம், சமாரியம் உட்பட 7 அரிய மண் தனிமங்களையும், அவற்றைக் கொண்டு செய்யும் காந்தங்களையும் ஏற்றுமதி செய்ய இனி அரசு உரிமம் வேண்டும் என்றது.

காந்தம்தானே, அதுக்கு ஏன் இவ்வளவு பதற்றம்? மின்சார வாகன மோட்டார், காற்றாலை, பவர் ஸ்டீயரிங் என எல்லாவற்றிலும் இந்தக் காந்தங்கள் இருக்கின்றன. வண்டியின் மொத்த விலையில் காந்தத்தின் பங்கு ரொம்பக் குறைவு. ஆனால், அது இல்லாமல் வண்டி ஆலையை விட்டு வெளியே வராது.

அதுதான் நடந்தது. 2025 மே மாதம் ஃபோர்டு நிறுவனம் சிகாகோ ஆலையை ஒரு வாரம் மூடியது. ஜப்பானில் சுசூகி, ஸ்விஃப்ட் கார் உற்பத்தியை நிறுத்தி வைத்தது. இங்கே பஜாஜ் ஆட்டோவும் சேத்தக் மின்சார ஸ்கூட்டர் உற்பத்தியைக் குறைக்க வேண்டி வந்தது.

பூமியில் தீர்ந்துபோச்சா?

இல்லை. பெயரில்தான் 'அரிய'. அமெரிக்கா, ஆஸ்திரேலியா, பிரேசில், இந்தியா எனப் பல நாடுகளின் மண்ணில் இந்தத் தனிமங்கள் இருக்கின்றன. தோண்டி எடுப்பது பெரிய சிக்கல் இல்லை. ஒன்றோடு ஒன்று கலந்து கிடக்கும் தனிமங்களைத் தனித்தனியாகப் பிரிப்பதுதான் கஷ்டம். உலகில் இந்தச் சுத்திகரிப்பு வேலையில் சுமார் 90 சதவீதம் சீனாவில்தான் நடக்கிறது.

முதலீட்டாளர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். கிணறு வற்றவில்லை, குழாயை ஒருவர் அடைத்திருக்கிறார். அடைத்தவர் நினைத்தால் திறக்கவும் முடியும்.

2025 அக்டோபரில் இதை நேரிலேயே பார்த்தோம். அக்டோபர் 9-ம் தேதி சீனா கட்டுப்பாடுகளை மேலும் இறுக்கியது. அமெரிக்கக் கனிமப் பங்குகள் துள்ளின. அக்டோபர் 30-ம் தேதி தென்கொரியாவின் பூசானில் டிரம்ப்பும் ஷி ஜின்பிங்கும் சந்தித்தார்கள். புதிய கட்டுப்பாடுகளை 2026 நவம்பர் 10 வரை நிறுத்தி வைக்க சீனா ஒப்புக்கொண்டது. துள்ளிய பங்குகள் அந்த மாத இறுதிக்குள்ளேயே கணிசமாக இறங்கிவிட்டன.

2010-ல் நடந்தது என்ன?

2010 செப்டம்பரில் சர்ச்சைக்குரிய சென்காகு தீவுகள் அருகே சீன மீன்பிடிப் படகு ஒன்று ஜப்பான் கடலோரக் காவல் படைக் கப்பல்கள் மீது மோதியது. படகின் கேப்டனை ஜப்பான் கைது செய்ய, அந்த நாட்டுக்குச் செல்லும் அரிய மண் சரக்குகள் நின்றன. விலை பல மடங்கு எகிறியது.

அப்போது எல்லோரும் ஓடிப்போய் வாங்கிய பங்கு மோலிகார்ப். அமெரிக்காவின் மவுன்டன் பாஸ் சுரங்கத்தை வைத்திருந்த நிறுவனம். 2010 ஜூலையில் 14 டாலருக்கு சந்தைக்கு வந்த பங்கு, 2011-ல் 70 டாலரைத் தாண்டியது.

அப்புறம்? விலை ஏறியதும், வாங்கும் நிறுவனங்கள் இந்தத் தனிமங்களைக் குறைவாகப் பயன்படுத்தப் பழகிக்கொண்டன. கடத்தல் சரக்கும் சந்தையில் புழங்கியது. 2014-ல் உலக வர்த்தக அமைப்பு சீனாவுக்கு எதிராகத் தீர்ப்பளிக்க, மறு ஆண்டே ஏற்றுமதி ஒதுக்கீட்டு முறை போனது. விலை சரிந்தது. சுமார் 1.7 பில்லியன் டாலர் கடனோடு 2015 ஜூனில் மோலிகார்ப் திவாலானது. உச்சத்தில் வாங்கியவர்களுக்கு முதலுக்கே மோசம்!

அதே காலத்தில் ஆஸ்திரேலியாவின் லைனாஸ் நிறுவனமும் தள்ளாடியது. ஆனால் பிழைத்தது. காரணம், சீனாவை மட்டும் நம்பியிருக்க விரும்பாத ஜப்பான், 2011-லேயே அதற்கு 250 மில்லியன் டாலர் நிதி கொடுத்தது. நெருக்கடி வந்தபோது கடன் நிபந்தனைகளையும் தளர்த்தியது.

ஒரே தட்டுப்பாடு, ஒரே விலைச் சரிவு. ஒன்று மூழ்கியது, ஒன்று கரையேறியது. விலை விழும்போது தாங்கிப் பிடிக்க ஆள் இருந்ததா என்பதில்தான் வித்தியாசம்.

இந்த முறை என்ன வித்தியாசம்?

அந்தப் பாடத்தை அமெரிக்காவும் படித்திருக்கிறது. மவுன்டன் பாஸ் சுரங்கம் இப்போது எம்.பி. மெட்டீரியல்ஸ் நிறுவனத்தின் கையில். 2025 ஜூலையில் அமெரிக்க ராணுவத் துறை அதில் 400 மில்லியன் டாலர் முதலீடு செய்தது. நியோடிமியம்-பிரசியோடிமியம் கிலோவுக்கு குறைந்தபட்சம் 110 டாலர் என 10 ஆண்டுகளுக்கு உத்தரவாதமும் கொடுத்தது. ஆனால் இந்த உத்தரவாதம் கனிமத்தின் விலைக்குத்தான், பங்கின் விலைக்கு இல்லை!

இந்தியாவில் என்ன வாய்ப்பு?

கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சி கடற்கரை மணலில் மோனசைட் இருக்கிறது. அதில் தோரியமும் இருப்பதால் தனியாருக்கு அனுமதி இல்லை. எடுப்பது மத்திய அரசின் ஐ.ஆர்.இ.எல். நிறுவனம். இது பங்குச்சந்தையில் பட்டியலிடப்படவில்லை. இன்னொன்று, நம்ம மோனசைட்டில் நியோடிமியம் போன்ற லேசான வகைகள்தான் அதிகம். சீனா உரிமம் கேட்கும் டிஸ்புரோசியம், டெர்பியம் மிகக் குறைவு.

2025 நவம்பரில் காந்த உற்பத்திக்காக 7,280 கோடி ரூபாய் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. ஆண்டுக்கு 6,000 டன் இலக்கு. நல்ல தொடக்கம்தான். ஆனால் ஆலை கட்டி, காந்தம் வெளியே வந்து, லாபம் பார்க்க வருடங்கள் ஆகும்.

வாங்கும் முன் கேட்க வேண்டிய 3 கேள்விகள்

1. இந்த நிறுவனத்தின் இன்றைய வருமானம் எதிலிருந்து வருகிறது? உதாரணமாக, அம்பாடுங்கர் அரிய மண் திட்டத்துக்காகப் பேசப்படும் குஜராத்தின் ஜி.எம்.டி.சி.யின் முக்கியத் தொழில் பழுப்பு நிலக்கரி. அறிவிப்பு வேறு, வருமானம் வேறு.

2. தோண்டுவதோடு நிற்கிறதா, பிரித்தெடுக்கவும் தெரியுமா? மண்ணை எடுத்து மறுபடியும் சீனாவுக்கே அனுப்பும் நிறுவனம் இந்தப் பிரச்னைக்குத் தீர்வு இல்லை.

3. நாளைக்கே சீனா குழாயைத் திறந்துவிட்டால் இந்த நிறுவனம் தாங்குமா? நீண்டகால ஒப்பந்தம், விலை உத்தரவாதம், குறைந்த கடன் இருக்கிறதா?

மூன்றுக்கும் ஆண்டறிக்கையில் பதில் தேடுங்கள். பதில் கிடைக்காத பங்கில், நஷ்டமானாலும் வீட்டுச் செலவு பாதிக்காத தொகைக்கு மேல் போடாதீர்கள். டிப்ஸ் கொடுப்பவர் செபியில் பதிவு செய்தவரா என்பதையும் செபி இணையதளத்திலேயே சரிபார்த்துவிடலாம்.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். இங்கே அந்த ஆழம் பெய்ஜிங்கிலும் வாஷிங்டனிலும் போடப்படும் ஒரு கையெழுத்தில் மாறும். அடுத்து கவனிக்க வேண்டிய தேதி, 2026 நவம்பர் 10.

(இந்தக் கட்டுரை தகவலுக்காக மட்டுமே. முதலீட்டு ஆலோசனை அல்ல.)