அடுக்குமாடி இடிந்தால் யார் பொறுப்பு?

ஃபிளாட் வாங்குகிறவர்களைப் பற்றி உழைப்பாளிகளின் பத்திரிகை ஏன் எழுத வேண்டும் என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். கேட்கட்டும். பெரம்பூரிலும் அம்பத்தூரிலும் முடிச்சூரிலும் இருபது வருஷக் கடனுக்குக் கையெழுத்துப் போட்டு அறுநூறு, எழுநூறு சதுர அடி வாங்கியிருப்பவர்கள் யார்? பஸ் கண்டக்டர், நர்ஸ், பள்ளி ஆசிரியை, பாங்கி குமாஸ்தா, விருப்ப ஓய்வு என்ற பெயரில் ஆலையை விட்டு வெளியேற்றப்பட்ட தொழிலாளி. ஆயுள் முழுவதும் உழைத்து இவர்கள் சேர்த்தது அந்த நாலு சுவர்தான். அது போனால் இவர்களுக்கு என்ன மிஞ்சும் என்று கேட்பது நம்முடைய வேலையே.

"கடன் வாங்கும்போதே பாங்கியில் இன்ஷூரன்ஸ் பிடித்துவிட்டார்கள், கவலையில்லை" என்று பலர் நம்பியிருக்கிறார்கள். மோசம் இங்கேதான் ஆரம்பமாகிறது. கடனோடு சேர்த்துத் தலையில் கட்டப்படுவது பெரும்பாலும் கடன் வாங்கியவரின் உயிர் மீதான பாலிஸி. அவர் இறந்தால் பாக்கிக் கடன் அடையும். அவர் உயிரோடிருந்து வீடு இடிந்தால் அந்தப் பாலிஸியிலிருந்து ஒரு காசு வராது. மாதத் தவணை மட்டும் நிற்காது. கட்டிடத்தின் மீதும் பாலிஸி எடுக்கும் பாங்கிகள் உண்டு. அதிலும் நஷ்ட ஈடு முதலில் போய்ச் சேருவது கடன் கணக்குக்கு. பிரீமியம் கட்டியவர் கையில் பாலிஸியின் நகல்கூட இருப்பதில்லை. இன்றே பாங்கிக்குப் போய் அந்தக் காகிதத்தைக் கேட்டு வாங்குங்கள். அது எதன் மீது, எவ்வளவு தொகைக்கு, எந்தத் தேதி வரை என்று பாருங்கள்.

தொகையிலும் ஒரு சூது உண்டு. அறுபது லட்சத்துக்கு வாங்கிய ஃபிளாட்டை அறுபது லட்சத்துக்கே இன்ஷூர் செய்யச் சொல்லும் ஏஜெண்டுகள் இருக்கிறார்கள். அந்த அறுபதில் பெரும்பகுதி மனையின் விலை. மனை தீயில் வேகாது, வெள்ளத்தில் கரையாது. கம்பெனி கொடுக்கப் போவது திரும்பக் கட்டும் செலவைத்தான். எண்ணூறு சதுர அடிக்குச் சதுர அடி 2,500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 20 லட்சம். மீதி 40 லட்சத்துக்குக் கட்டும் பிரீமியம் வீண் தண்டம்.

2021 ஏப்ரல் முதல் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற ஒரே மாதிரியான வீட்டுப் பாலிஸி நடைமுறையில் இருக்கிறது. தீ, புயல், வெள்ளம், பூகம்பம், நிலச்சரிவு, கலவரம் ஆகியவை அதில் அடங்கும். கட்டிடத் தொகையில் ஐந்தில் ஒரு பங்கு, 10 லட்சத்துக்கு மேற்படாமல், வீட்டுச் சாமான்களுக்கும் சேர்கிறது. வாடகைக்குக் குடியிருப்பவர் தம் சாமான்களுக்கு மட்டும் எடுக்கலாம். இது உபயோகமான பாலிஸி என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் தரை அமுங்கிக் கட்டிடம் சாய்வதற்கும் நஷ்ட ஈடு உண்டு என்று சொல்லும் அதே ஷரத்து, பிழையான வரைபடம், மட்டமான வேலை, மட்டமான சாமான் ஆகியவற்றால் நேர்ந்ததற்குக் கிடையாது என்று அடுத்த வரியில் கைவிரிக்கிறது. அதாவது பில்டர் செய்த திருட்டுக்குக் கம்பெனி ஜாமீன் இல்லை.

அந்தத் திருட்டின் விலை என்ன என்பதை மௌலிவாக்கத்தில் கண்டோம். 2014 ஜூன் 28-ஆம் தேதி, கட்டி முடியாத பதினோரு மாடிக் கட்டிடம் சரிந்தது. மாண்டவர்கள் 61 பேர். பெரும்பாலோர் ஆந்திரம், ஒடிசா, தமிழ்நாட்டுக் கட்டிடத் தொழிலாளர்கள். பக்கத்துக் கட்டிடத்தை 2016 நவம்பரில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். 2016-ஆம் வருஷத்து ரியல் எஸ்டேட் சட்டத்தில், வீட்டை ஒப்படைத்த ஐந்து வருஷத்துக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால் முப்பது நாளில் பில்டர் தன் செலவில் சரி செய்ய வேண்டும் என்று இருக்கிறது. சர்க்கார் அறிவிக்கும் இன்ஷூரன்ஸைப் பில்டரே எடுத்து, பிரீமியத்தைத் தீர்த்துச் சங்கத்திடம் ஒப்படைக்க வேண்டும் என்றும் இருக்கிறது. பத்திரம் பதியும் முன் இதைக் கேட்டவர்கள் எத்தனை பேர்? கேட்டால் பதில் சொல்லும் பில்டர்கள் எத்தனை பேர்?

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். பதினாறு வீடுள்ள கட்டிடத்தில் நாலு பேர் மட்டும் தனித்தனியாக இன்ஷூர் செய்திருக்கிறார்கள். கட்டிடம் போய்விட்டது. இரண்டாம் மாடிக்காரர் தன் நஷ்ட ஈட்டை வைத்துக்கொண்டு ஆகாயத்திலா வீடு கட்டுவார்? அஸ்திவாரமும் தூணும் மாடிப்படியும் தண்ணீர்த் தொட்டியும் எல்லோருக்கும் பொது. மனையிலோ ஒவ்வொருவருக்கும் பிரிபடாத பாகம்தான். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் வேளச்சேரியிலும் முடிச்சூரிலும் தரைத்தளம் மூழ்கியது. மோட்டாரும் லிஃப்டும் கெட்டன. அந்தச் செலவு யாருடையது என்று கீழ்வீட்டாரும் மேல்வீட்டாரும் சண்டையிட்டதுதான் மிச்சம். கட்டிடம் முழுவதற்கும் சங்கத்தின் பெயரில் ஒரே பாலிஸி, உள்சாமான்களுக்கு அவரவர் பாலிஸி என்பதே சரியான ஏற்பாடு. கூட்டாகச் செய்தால்தான் பலன் உண்டு என்பதை நாம் மேடையில் சொன்னால் முகம் சுளிக்கிறவர்களுக்கும் இந்தக் கணக்கு புரியும்.

தனியுடைமையின் கோட்டையான அமெரிக்காவிலேயே, ஃபிளாரிடா மாநிலச் சட்டம் கட்டிடத்தை உரிமையாளர் சங்கமே இன்ஷூர் செய்ய வேண்டும் என்கிறது. அது மட்டும் போதாது என்பதும் அங்கேயே தெரிந்தது. சர்ஃப்சைடு நகரில் 1981-இல் கட்டிய பன்னிரண்டு மாடிக் கட்டிடம் 2021 ஜூன் 24 நள்ளிரவுக்குப் பின் இடிந்து 98 பேர் மாண்டார்கள். நீச்சல் குளத்தையொட்டிய தளம் பழுதடைந்திருப்பதை 2018-லேயே இன்ஜினீயர் எழுதிக் கொடுத்திருந்தார். சங்கத்தின் இன்ஷூரன்ஸ் நஷ்டத்தில் ஒரு மூலைக்குக் காணவில்லை. நூறு கோடி டாலருக்கு மேல் கிடைத்தது மற்றக் கம்பெனிகள் மீதும் வழக்குத் தொடுத்து 2022-இல் ஏற்பட்ட சமரசத்தால்தான். அதே மாநிலத்தில் புயல் அதிகமானதும் தனியார் இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் சில திவாலாயின, சில கடையைக் கட்டின. அவை கைவிட்ட வீடுகளை ஏற்றது யார்? 2002-இல் மாநில சர்க்கார் ஏற்படுத்திய பொது ஸ்தாபனம்! லாபம் வரும்வரை தனியார், நஷ்டம் வந்தால் சர்க்கார்.

இந்தியாவில் நடப்பது என்ன? இன்ஷூரன்ஸ் ஊழியர்களின் நெடுநாள் போராட்டத்துக்குப் பின், 107 கம்பெனிகளின் பொது இன்ஷூரன்ஸ் தொழில் 1973 ஜனவரி 1 முதல் தேசவுடைமையாயிற்று. நாலு கம்பெனிகளில் ஒன்றான யுனைடெட் இந்தியாவின் தலைமையகம் சென்னையிலேயே இருக்கிறது. 1999-இல் தனியாருக்குக் கதவு திறந்தார்கள். அந்நிய மூலதனத்துக்கு 26 சதவிகிதம், 2015-இல் 49, 2021-இல் 74, 2025 டிசம்பரில் நூறுக்கே வழி செய்யும் மசோதா. அந்த நாலு கம்பெனிகளில் சர்க்காரின் பங்கு 51 சதவிகிதத்துக்குக் குறையக் கூடாது என்ற ஷரத்தையும் 2021-இல் எடுத்துவிட்டார்கள். ஃபிளாரிடாக்காரன் அவஸ்தைப்பட்டுக் கற்றதை மத்திய ஆட்சியாளர்கள் தலைகீழாகப் படிக்கிறார்கள்.

2021 டிசம்பர் 27-ஆம் தேதி திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் வாரியக் குடியிருப்பின் 24 வீடுகள் இடிந்தன. விரிசலைக் கண்டு ஜனங்கள் முன்னதாக வெளியேறியதால் உயிர்ச்சேதம் இல்லை. அவர்களுடைய பண்ட பாத்திரங்கள் மண்ணோடு போயின. வாரியக் கட்டிடங்கள் அனைத்தையும், குடியிருப்போரின் சாமான்கள் உட்பட, மாநில சர்க்கார் தன் செலவில் பொதுத்துறைக் கம்பெனிகளில் இன்ஷூர் செய்ய வேண்டும். வருஷந்தோறும் இன்ஜினீயரை அனுப்பிப் பரிசோதித்து, அறிக்கையைக் கட்டிடத்தின் வாசலிலேயே ஒட்ட வேண்டும். பெரும்பாக்கத்திலும் கண்ணகி நகரிலும் உள்ள நம் கிளைத் தோழர்கள் வீடுவீடாகக் கையெழுத்து வாங்கி, அடுத்த மழைக்காலத்துக்கு முன் வாரிய அலுவலகத்தில் இந்த மனுவைச் சேர்ப்பிக்க வேண்டும்.