கேமிங் பிசிக்குள் போர் தண்ணியா? வேண்டவே வேண்டாம்!

செம்பட்டி வெயிலில் கேமிங் பிசிக்கு வாட்டர் கூலிங் கேட்பது நியாயம்தான். ஆர்.டி.எக்ஸ் 5090 கார்டு மட்டுமே 575 வாட் வரை இழுக்கும். அயர்ன் பாக்ஸில் பாதிக்கும் மேல்! திருச்சி என்.ஐ.டி-யில் 2022 மே மாதம் திறந்த ‘பரம் பொருள்’ சூப்பர் கம்ப்யூட்டருக்கும் திரவக் குளிரூட்டல்தான்.

ஆனால், போர் தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள். குடத்தில் படியும் அதே உப்பு, பிளாக்கின் மெல்லிய இடுக்குகளையும் அடைக்கும். டிஸ்டில்டு வாட்டர் அல்லது அதற்கென விற்கும் கூலன்ட் மட்டுமே. காப்பர் பிளாக்கோடு அலுமினியம் ரேடியேட்டர் கூடவே கூடாது, அரித்துவிடும். மாட்டி முடித்ததும் பம்ப்புக்கு மட்டும் கரன்ட் கொடுத்து, டிஷ்யூ பேப்பர் விரித்து, சில மணி நேரம் கசிவு பாருங்கள். அவசரப்பட்டால் போவது லட்ச ரூபாய் கார்டு.

கார்டை மாற்றினால் பெரும்பாலும் பிளாக்கும் புதிது வாங்க வேண்டும் (இதைக் கடையில் சொல்ல மாட்டார்கள்!). இன்னொன்று, அறை 38 டிகிரி என்றால் இந்தத் தண்ணீரும் அதற்குக் கீழே இறங்காது.