நல்லூர்த் துண்டும் சென்னை டோக்கனும்

சென்னையிலே மணமாகிக் குடியிருக்கும் எமது தமக்கையாரின் மகளிடமிருந்து சென்ற கிழமை ஒரு கடிதம் வந்தது. கடிதம் என்று பழக்கத்தினால் எழுதிவிட்டோம். வந்தது கைத்தொலைபேசிச் செய்திதான். ஆயினும், தன் தாயாரைப் போலவே நலம் விசாரித்து, ஊர்ப் புதினம் கேட்டு, அதன் பின்னரே விஷயத்துக்கு வருகிறவள் ஆதலால், அதைக் கடிதம் என்பதிற் பிழையில்லை.

"மாமா, பிள்ளைக்குச் சட்டை வாங்குவதற்காகத் தொலைபேசியில் ஒரு கடையைத் திறந்தேன். பணம் செலுத்தும் இடத்தில், 'ரிசர்வ் வங்கியின் விதிப்படி உங்கள் அட்டையைப் பாதுகாத்துக்கொள்ளுங்கள்' என்று ஒரு கட்டம் வந்தது. சம்மதம் தெரிவித்தால் ஏதோ டோக்கன் உண்டாகுமாம். சம்மதிக்கலாமா? இதுவும் ஒரு வலையோ? முன்னர் பட்டதே போதும் என்று பயமாக இருக்கிறது" என்பது அவள் எழுதியதன் சாரம்.

அவள் முன்னர் பட்டதை நாமும் அறிவோம். ஓர் இரவிலே, வீட்டார் உறக்கத்தில் இருக்கையில், எங்கோ ஒரு நாட்டில் இருந்த யாரோ ஒருவன் அவளுடைய அட்டை எண்ணைக் கொண்டு இந்திய ரூபா 38,000 வரையில் பொருள் வாங்கிவிட்டான். இந்தியக் கடைகள் கேட்கும் இரகசிய எண்ணை வெளிநாட்டுக் கடைகள் பல கேட்பதில்லை. வங்கி பணத்தைத் திருப்பித் தந்தது. ஆனால், மூன்று மாதங்களின் பின்னரே தந்தது. பிள்ளையின் பள்ளிக்கூடக் கட்டணம் அதே மாதத்திற் கட்டவேண்டியிருந்தது. அட்டையை இரத்துச் செய்தவுடன் மின்சாரம், தொலைபேசி, காப்புறுதி என்று அந்த அட்டையை நம்பியிருந்த கொடுப்பனவுகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் தடைப்பட்டன. எண் எந்தக் கடையிலிருந்து கசிந்தது என்பது வங்கிக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது.

அவளுக்குத் தனியாக மறுமொழி எழுதினோம். எனினும், பிள்ளைகள் பல நாடுகளிலும் சிதறியிருக்க, அட்டையும் தொலைபேசியுமாகவே குடும்பங்களின் கொடுக்கல் வாங்கல் நடைபெறும் இக்காலத்தில், இப்பக்கத்தை வாசிக்கும் அன்பர்களுக்கும் அது பயன்படலாம் என்று எண்ணி இங்கே சற்று விரித்து எழுதுகின்றோம்.

நல்லூர்த் திருவிழாக் காலத்தில் சைக்கிளிற் சென்றவர்களுக்கு ஒரு காட்சி நினைவிருக்கும். கோவிலைச் சூழ்ந்த வீதிகளில் உள்ள வளவுகளிலே சைக்கிள் பாதுகாப்பு நிலையங்கள் திறந்திருக்கும். வாயிலில் நிற்பவர் ஒரே எண் இரு பாதியிலும் எழுதப்பட்ட காகிதத் துண்டைக் கிழித்து, ஒரு பாதியைச் சைக்கிளிற் கட்டி, மறுபாதியை நம்மிடம் தருவார். அந்தத் துண்டை மடியிற் செருகிக்கொண்டு சுவாமி தரிசனத்துக்குப் போவோம். துண்டைப் பார்த்த ஒருவனுக்குச் சைக்கிள் என்ன நிறம், யாருடையது, எந்த வளவில் நிற்கிறது என்று எதுவும் தெரியாது. அடுத்த வளவிலே கொண்டுபோய் நீட்டினால் அது வெறுங் காகிதம்.

டோக்கன் என்பது இந்தத் துண்டின் இனத்தைச் சேர்ந்ததே.

வங்கி அட்டையின் முகப்பிலே பெரும்பாலும் 16 இலக்கங்கள் இருக்கின்றன. முதலில் நிற்கும் சில இலக்கங்கள் அட்டையை வழங்கிய வங்கி எது என்பதைக் காட்டுகின்றன. 4 என்று தொடங்கினால் விசா. 5 என்று தொடங்கினால் பெரும்பாலும் மாஸ்டர்காட். இடையில் நிற்பவை கணக்குக்கு உரியவரைக் குறிப்பவை. கடைசி இலக்கம் ஒரு காவற்காரன். வலப்புறத்திலிருந்து எண்ணி, இரண்டாவது, நான்காவது, ஆறாவது என்று ஒன்றுவிட்டொரு இலக்கத்தை இரட்டித்து, வருவது ஒன்பதுக்கு மேற்பட்டால் ஒன்பதைக் கழித்து, எல்லாவற்றையும் கூட்டினால் அத்தொகை பத்தால் மீதியின்றிப் பிரிபடவேண்டும். பிரிபடாவிடின் எங்கோ ஓர் இலக்கம் பிழையாக எழுதப்பட்டிருக்கிறது என்பது பொருள். ஜெர்மனியிற் பிறந்து, அமெரிக்காவில் ஐ.பி.எம். கம்பெனியில் உத்தியோகம் பார்த்த ஹான்ஸ் பீற்றர் லூன் என்பவர் 1954இல் இம்முறைக்கு உரிமைப் பத்திரம் கோரி 1960இற் பெற்றார். கணக்கிலே விருப்பமுள்ள பிள்ளைகள் வீட்டில் இருந்தால், காலங் கடந்த பழைய அட்டையொன்றைக் கொடுத்துச் சோதித்துப் பார்க்கச் சொல்லலாம்.

ஆனால், லூனின் காவற்காரன் தடுப்பது கைப்பிழையைத்தான், கள்வனை அன்று.

இந்த எண்ணிலே இயல்பாகவே ஒரு குறை இருக்கிறது. இது வெறும் பெயர்ச்சீட்டு அன்று, திறப்பும் இதுவேதான். அதனிலும் கேடு, எல்லாக் கடைகளுக்கும் ஒரே திறப்பு. பத்துக் கடைகளிலே அட்டையைப் பதிந்து வைத்தோமாயின், வீட்டுத் திறப்பின் பிரதிகள் பத்தைப் பத்து அந்நியரிடம் கொடுத்து வைத்தவர்கள் ஆவோம். அவர்களுள் ஒன்பது பேர் மகா யோக்கியர்களாய் இருந்தென்ன? பத்தாமவன் தன் அலுமாரியைப் பூட்ட மறந்தாற் போதும்.

அலுமாரி பூட்டாதவர்கள் உலகத்திலே சிறு கடைக்காரர்கள் மாத்திரம் அல்லர். அமெரிக்காவில் ரி.ஜே.எக்ஸ். என்னும் பெரிய வர்த்தக நிறுவனம், தனது கணினிகளுக்குள் அந்நியர் புகுந்துவிட்டனர் என்று 2007 ஜனவரியில் வெளியிட்டது. கடையொன்றின் கம்பியில்லாத் தொடர்பு வலுவற்றதாய் இருந்தபடியால் அவ்வழியாக நுழைந்தவர்கள், மாதக்கணக்கில் உள்ளேயே இருந்து குறைந்தது 4 கோடியே 57 இலட்சம் அட்டைகளின் விபரங்களைக் கவர்ந்து சென்றனர். 2009 ஜனவரியில் ஹார்ட்லண்ட் என்னும் கொடுப்பனவு நிறுவனத்தின் செய்தி வெளிவந்தது. அங்கே களவுபோன எண்கள் ஏறக்குறைய 13 கோடி என்று பின்னர் வழக்கிலே கூறப்பட்டது. இவ்விரண்டிலும் தொடர்புடைய அல்பேட் கொன்சாலெஸ் என்பவருக்கு 2010இல் இருபது ஆண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது. ஆளைச் சிறையில் இட்டார்கள். வெளியே போன எண்களைச் சிறையில் இடுவதற்கு வழியில்லை.

விசா, மாஸ்டர்காட் முதலிய நிறுவனங்களும் சும்மா இருக்கவில்லை. கடைகள் அட்டை விபரங்களை எப்படிப் பேணவேண்டும் என்று 2004இல் அவை ஒன்றுசேர்ந்து ஒரு பொதுப் பிரமாணம் வகுத்தன. அட்டையின் பின்புறத்தில் உள்ள மூன்றிலக்க எண்ணை, கொடுக்கல் வாங்கல் அனுமதிக்கப்பட்ட பின்னர் எந்தக் கடையும் சேமித்து வைத்தல் ஆகாது என்பது அதிலே முக்கியமானது. அட்டை எண்ணை மறைகுறியாக மாற்றி வைத்தலும் நடந்தது. மறைகுறியில் ஒரு சங்கடம் உண்டு. எண்ணைக் குலைத்து வைத்த கணக்கை மறுபடி நேராக்குவதற்கு ஒரு திறப்பு வேண்டும். அத்திறப்பும் அநேகமாக அதே கடையின் இன்னோர் அறையிலேதான் இருக்கும். அதுவும் கள்வன் கையில் அகப்பட்டால், அத்தனை எண்களும் ஒரே நொடியில் வெளிச்சத்துக்கு வந்துவிடும்.

டோக்கன் இந்தச் சங்கடத்தை வேறு வழியாக அணுகுகிறது. பூட்டை மேலும் வலுவாக்குவதைப் பற்றி அது கவலைப்படவில்லை. அலுமாரியிலே திருடத்தக்க பொருளே இல்லாமற் செய்துவிடுகிறது. கடையில் இருப்பது அட்டை எண்ணைப் போலவே தோன்றும் ஒரு போலி எண். பழைய இயந்திரங்கள் மறுத்துவிடாதிருக்கும் பொருட்டு இலக்கத் தொகையும் ஒத்திருக்கும். லூனின் கணக்குக்கும் இடங்கொடுக்கும். ஆனால், உண்மை எண்ணுக்கும் அதற்கும் கணிதத் தொடர்பு எதுவும் இல்லாதபடி அதை ஆக்கலாம். எவ்வளவு பெரிய கணினியைக் கொண்டு முயன்றாலும், தொடர்பே இல்லாத இடத்தில் எதைக் கண்டுபிடிப்பது? இன்ன டோக்கன் இன்ன அட்டைக்கு உரியது என்னும் பேரேடு ஒரே இடத்தில், கடைக்கு வெகு தூரத்தில், பலத்த காவலில் இருக்கும். இதற்கான பொது விதிகளை அட்டை நிறுவனங்களின் கூட்டமைப்பாகிய ஈ.எம்.வி.கோ 2014 மார்ச்சில் வெளியிட்டது. அவ்வாண்டு ஒக்ரோபரில் அமெரிக்காவில் ஆரம்பித்த அப்பிள் பே, தொலைபேசிக்குள் அட்டை எண்ணுக்குப் பதிலாக இத்தகைய மாற்றெண்ணையே வைத்தது.

பெரும்பாலான நாடுகளில் இது கம்பெனிகளின் விருப்பமாக வளர்ந்தது. இந்தியாவிலோ, பதிந்து வைக்கும் அட்டைகளுக்கு ரிசர்வ் வங்கி இதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டது. அட்டையை வழங்கிய வங்கியும் விசா, மாஸ்டர்காட், ரூபே போன்ற அட்டை வலையமைப்புகளும் தவிர, இடையில் உள்ள எவரும் அட்டை எண்ணைச் சேமித்து வைத்தல் ஆகாது என்பது விதி. கணக்குச் சரிபார்ப்பதற்காகக் கடைசி நான்கு இலக்கங்களையும் வங்கியின் பெயரையும் மாத்திரம் வைத்திருக்கலாம். 2021ஆம் ஆண்டு முடிவோடு நடைமுறைக்கு வரவிருந்த விதியை, கடைகளும் வங்கிகளும் ஆயத்தமாகவில்லை என்று முறையிட்டமையால், முதலில் 2022 ஜூன் 30 வரைக்கும், பின்னர் செப்டெம்பர் 30 வரைக்கும் ஒத்திவைத்தார்கள். 2022 ஒக்ரோபர் 1ஆந் திகதி முதல் அது அமுலில் இருக்கிறது. பெருங் கம்பெனிகளின் முணுமுணுப்புக்கு இரண்டு முறை இடங்கொடுத்து, மூன்றாம் முறை கொடுக்காமல் நின்றது பாராட்டத்தக்கது என்பது எமது அபிப்பிராயம்.

ஆகவே, எமது மருமகள் கண்ட கட்டம் வலை அன்று. அவள் சம்மதித்தவுடன், வங்கி ஒருமுறை மாத்திரம் செல்லுபடியாகும் இரகசிய எண்ணை அவளது தொலைபேசிக்கு அனுப்பி, கேட்பது அவள்தானா என்று உறுதிசெய்யும். அதன்பின் அந்த ஒரு கடைக்கும் அந்த ஒரு அட்டைக்கும் என்று ஒரு டோக்கன் உண்டாகும். அடுத்த கடைக்கு அதே அட்டையைக் கொடுத்தால், அங்கே வேறு டோக்கன். இதற்காக அவளிடம் ஒரு சதமேனும் அறவிடப்படமாட்டாது. பின்னர் அவள் பொருள் வாங்கும்போது கடை டோக்கனை அனுப்பும்; அட்டை வலையமைப்பு பேரேட்டைப் புரட்டி, உண்மை எண்ணைக் கண்டு வங்கியைக் கேட்கும்; ஆம், இல்லை என்னும் விடை மாத்திரம் கடைக்குத் திரும்பி வரும்.

இங்கே எமது நல்லூர் உவமையிலே ஓர் ஓட்டை இருப்பதை வாசகர்கள் கண்டிருப்பார்கள். மடியிலிருந்து விழுந்த துண்டை எடுத்த ஒருவன், அதே வளவுக்குச் சென்று நீட்டினாற் சைக்கிள் அவனுக்குத்தானே போய்விடும்? உண்மைதான், போனதும் உண்டு. டோக்கனில் இதற்கும் ஒரு பரிகாரம் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு கொடுப்பனவின்போதும் அந்த ஒன்றுக்கென்றே கணித்தெடுத்த இரகசிய முத்திரை ஒன்று டோக்கனோடு கூடவே செல்லவேண்டும். நேற்றைய முத்திரை இன்றைக்கு உதவாது. டோக்கனை மாத்திரம் களவெடுத்தவன், வேறு கடையில் அதைக் கொடுத்தாலும், முத்திரையில்லாமல் அதே கடையின் பெயரிற் கொடுத்தாலும், வலையமைப்பு மறுத்துவிடும். கடை முழுவதுமே களவுபோனாலும் அக்கடையின் டோக்கன்களை இரத்துச் செய்தாற் போதும். அட்டை அப்படியே இருக்கும். மின்சாரக் கட்டணம் தடைப்படாது. எமது மருமகளுக்கு இந்தச் செய்தியே பெரிய ஆறுதலாக இருந்தது.

இதனால் எல்லாக் கள்வரும் தொழிலை விட்டுவிடுவார்கள் என்று எவரும் எண்ணவேண்டாம். 2013ஆம் ஆண்டு நத்தார் வியாபாரக் காலத்தில் அமெரிக்காவின் டார்கெட் கடைகளிற் களவுபோன ஏறக்குறைய 4 கோடி அட்டை எண்கள் அலுமாரியிலிருந்து போனவை அல்ல. காசாளர் முன்னிலையில் அட்டையைத் தேய்த்த அந்தக் கணத்திலே, இயந்திரத்தினுள் ஒளிந்திருந்த கள்ள நிரலினாற் பிடுங்கப்பட்டவை. கடை பின்னர் டோக்கனைச் சேமித்து வைத்தால் மாத்திரம் அதைத் தடுத்திருக்க முடியாது. தொலைபேசியிலிருந்து முதலிலேயே மாற்றெண் புறப்பட்டால் தடுக்கலாம். மேலும், பேரேடு ஓரிடத்திற் குவிந்திருப்பதனால் அவ்விடத்தின் காவல் முன்னையினும் பன்மடங்கு வேண்டியதாகிறது. ஆயிரம் அலுமாரிகளின் ஆபத்தை ஒரே பெட்டகத்திற் சேர்த்தமை நன்றா என்று கேட்பாரும் உளர். காவல் காப்பதையே தொழிலாகக் கொண்ட ஒருவரிடம் ஒப்படைப்பது, துணி விற்பதைத் தொழிலாகக் கொண்ட ஆயிரம் பேரிடம் ஒப்படைப்பதிலும் மேல் என்பதே எமக்குச் சரியாகப் படுகிறது.

டோக்கன் சிறிதும் உதவாத இடமும் ஒன்று உண்டு. "வங்கியிலிருந்து பேசுகிறோம், தொலைபேசிக்கு வந்த எண்ணைச் சொல்லுங்கள்" என்று இனிமையாகக் கேட்கும் குரலுக்கு, அட்டைக்காரரே எண்ணைச் சொல்லிக்கொடுக்கும் இடம் அது. டோக்கன் உண்டாக்குகிறோம் என்று சொல்லியே அப்படிக் கேட்கும் கள்வரும் இருக்கக்கூடும். கடையின் பக்கத்தை நாமே திறந்து, பணம் செலுத்தும் இடத்தில் நாமே சம்மதித்து, நாமே இடவேண்டிய எண் அது. தொலைபேசியில் அழைத்துக் கேட்பவர் எவராயினும் அவருக்கு அந்த எண் உரியதன்று.

இவ்வளவும் எழுதி, கடைசியில் ஒரு வேலையும் கொடுத்தோம். எந்தெந்தக் கடைகளிலே தன் அட்டைக்கு டோக்கன் இருக்கிறது என்று பார்ப்பதற்கும், வேண்டாதவற்றை நீக்குவதற்கும் வங்கி வசதி செய்துகொடுக்கவேண்டும் என்பது அந்த விதியிலேயே உண்டு. அதைத் தேடிப் பார் என்றோம். அன்றிரவே மறுமொழி வந்தது. ஏழு கடைகள் இருந்தனவாம். நான்கு அவள் அறிந்தவை. இரண்டு அவள் கணவர் அவளைக் கேளாமற் பதிந்தவை. ஏழாவது, எப்போதோ தாயாரின் பிறந்தநாளுக்குப் பூச்செண்டு அனுப்பிய கடை. அதன் பெயரே மறந்துவிட்டதாம். பூக்கடையையும் கணவரின் இரண்டில் ஒன்றையும் நீக்கிவிட்டாள். மற்றொன்றைப் பற்றி வீட்டிலே பேச்சுவார்த்தை நடைபெறுகிறது என்று எழுதியிருக்கிறாள்.