மரம் வெட்டுகிறவருக்கும் அடக்க விலை உண்டு!

கடைக்கு வரும் வாடிக்கையாளர் அடக்க விலைக்கும் கீழே கேட்டால் நாம் என்ன சொல்கிறோம்? "கட்டுப்படியாகாதுங்க" என்கிறோம். ஒரு நாளைக்கு நூறு முறையாவது அந்தச் சொல் நம் வாயில் வருகிறது. அதே சொல்லை வேறொருவர் நம்மிடம் சொன்னால் நாம் நம்புவதில்லை. நான் நம்பாமல் போனதால் நடந்ததை நம் சங்க உறுப்பினர்களுக்குச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

எங்கள் கிடங்கின் பின்புறம் ஒரு தூங்குமூஞ்சி மரம் நிற்கிறது. 2019ஆம் ஆண்டு அதன் பெரிய கிளை ஒன்று தகரக் கூரை மேல் சாய்ந்து வந்தது. உள்ளே மிளகாய், புளி, பருப்பு என்று சரக்கு நிறைந்திருந்தது. கிளை கழிக்க வந்த தம்பி 6,000 ரூபாய் கேட்டார். நாற்பது ஆண்டு பேரம் பேசிப் பழகிய வாய் சும்மா இருக்குமா? 3,500க்கு இறக்கிவிட்டேன். மனதுக்குள் பெருமைதான்.

மறுநாள் இரண்டு கைஆட்களுக்குப் பதில் ஒருவரோடு வந்தார். கிளையைக் கயிற்றில் கட்டிப் பிடித்து இறக்க ஆள் போதவில்லை. பாதி அறுத்தவுடன் கிளை முறிந்து ஏணியைத் தட்டியது. தம்பி கீழே விழுந்து வலது கால் எலும்பு முறிந்தது. மருத்துவச் செலவை நான் ஏற்றுக்கொண்டேன். பார்க்கப் போனபோது, "நீங்க என்ன செய்வீங்க அண்ணாச்சி, ஒத்துக்கிட்டது நான்தானே" என்றார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அவர் குணமான பின், இருவரும் உட்கார்ந்து அந்த வேலைக்குக் கடைக் கணக்குப் போலவே கணக்கு எழுதினோம். அவர் கூலி 1,200. கைஆள் இருவருக்கு 1,800. பெட்ரோல், இரண்டு வகை ஆயில் 500. மெஷின், செயின், கயிறு தேய்மானம் 250. கழித்த கிளைகளை அள்ளிப் போக குட்டியானை இரண்டு நடைக்கு 1,200. ஆக மொத்தம் 4,950. அவர் கேட்ட 6,000த்தில் மிச்சம் 1,050. மழைக்காக வேலையில்லாத நாட்களும், மெஷின் பழுதும், உயிருக்கான ஆபத்தும் அந்த 1,050க்குள் அடங்க வேண்டும். நான் பேரம் பேசிக் குறைத்தபோது குறைந்தது அவருடைய லாபம் என்று நினைத்திருந்தேன். உண்மையில் குறைந்தது கயிறு பிடிக்க வேண்டிய ஆள்!

இந்தத் தொழிலில் இறங்க நினைக்கும் இளைஞர்கள் நம் வீடுகளிலும் உண்டு. அவர்களுக்குச் சில வார்த்தைகள்.

முதலாவது, விலையை மரத்தின் பருமனைப் பார்த்துச் சொல்லக்கூடாது. மரத்தின் கீழே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். வெட்டவெளியில் நிற்கும் தென்னையை அடியோடு சாய்த்துவிடலாம். அதே தென்னை இரண்டு வீட்டுக்கு நடுவே நின்றால் உச்சியிலிருந்து துண்டு துண்டாக இறக்க வேண்டும். மரம் ஒன்றுதான், வேலை பல மடங்கு. பக்கத்தில் மின்கம்பி போனால் மின்வாரியத்தில் சொல்லி, மின்சாரம் நிறுத்தியதை உறுதி செய்துகொண்ட பிறகே மரத்தில் கை வைக்க வேண்டும். அதற்காகக் காத்திருக்கும் நேரத்துக்கும் கூலி உண்டு.

இரண்டாவது, எடை. பச்சை மரம் கன அடிக்கு ஏறக்குறைய 25 கிலோ இருக்கும். அதாவது ஒரு சிப்பம் அரிசி. ஓர் அடி விட்டமும் பத்து அடி நீளமும் உள்ள கிளை என்றால் சுமார் எட்டுச் சிப்பம். எட்டுச் சிப்பத்தை ஒரே கட்டாக மேலேயிருந்து போட்டால் கூரை என்ன ஆகும் என்று மளிகைக்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே கயிறு கட்டித்தான் இறக்க வேண்டும். அறுக்கும்போதும் முதலில் அடிப்பக்கத்தில் கொஞ்சம் அறுத்து, பிறகு சற்றுத் தள்ளி மேலிருந்து அறுத்தால் பட்டை உரிந்து மரம் கிழியாது. மிச்சமுள்ள முளையைக் கடைசியில் எடுத்துவிடலாம்.

மூன்றாவது, கருவி. பலரும் முதலில் மெஷினைக் கடனுக்கு வாங்குகிறார்கள். என் கருத்து, முதலில் வாங்க வேண்டியவை நல்ல கயிறு, இடுப்புப் பெல்ட், ஹெல்மெட். மெஷினைத் தொடக்கத்தில் வாடகைக்கு எடுக்கலாம். வாங்கினால் கம்பெனிப் புத்தகத்தில் சொன்ன அளவில் ஆயில் கலக்க வேண்டும். 50க்கு 1 என்று போட்டிருந்தால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி. செயினுக்கு ஊற்றுவது வேறு ஆயில். அறுக்கும்போது சீவல் வராமல் மாவாக வந்தால் செயின் மழுங்கிவிட்டது என்று பொருள். மழுங்கிய செயின் பெட்ரோலையும் குடிக்கும், கையையும் பதம் பார்க்கும். மெஷின் 30,000 ரூபாய், 300 நாள் உழைக்கும் என்று வைத்துக்கொண்டால் நாளுக்கு 100 ரூபாய் தனியே எடுத்து வைக்க வேண்டும். இந்த 100ஐ லாபம் என்று செலவழிப்பவர் அடுத்த மெஷினுக்கு மறுபடி வட்டிக்கடைதான் போக வேண்டும்.

மரத்தை அப்புறப்படுத்தும் செலவு சிறியது என்று யாரும் எண்ண வேண்டாம். 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டா மாவட்டங்களில் தென்னைகளைச் சாய்த்தபோது, அரசு அறிவித்த நிவாரணம் மரத்துக்கு 600 ரூபாய், அதை வெட்டி அகற்ற 500 ரூபாய். வெட்டுகூலி மரத்தின் தொகையை ஏறத்தாழ எட்டிவிட்டது பாருங்கள்!

புயல் என்றதும் இன்னொன்று. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. அப்படிப்பட்ட நாளில் எல்லோரும் ஒரே நேரத்தில் ஆள் தேடினால் கூலி ஏறத்தான் செய்யும். ஆவணியிலேயே கிளையைக் கழித்து வைத்தால் நியாயமான கூலியில் முடியும். தொழில் செய்பவரும் புயல் நாளில் வாய்க்கு வந்ததைக் கேட்கக்கூடாது. தட்டுப்பாட்டில் மெழுகுவத்தி விலையை ஏற்றியவரின் கடைக்கு ஜனங்கள் பிறகு எப்படி வந்தார்கள் என்பது நமக்குத் தெரியும்.

சட்டத்தையும் மறக்கக்கூடாது. நம் கடை வாசலில் நின்றாலும் சாலையோர மரம் நம்முடையது ஆகாது, அனுமதி வேண்டும். சந்தன மரத்தில் வனத்துறையைக் கேட்காமல் கத்தி வைக்கக்கூடாது. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி தேவை என்று 2021இல் அரசு அறிவித்திருக்கிறது.

நம் சங்கத்துக்கு என் யோசனைகள் மூன்று. ஒன்று, மர வேலைக்கு ஆள் அழைக்கும்போது எத்தனை ஆள், என்ன கயிறு, குப்பை அள்ளுவது யார் என்று ஒரு தாளில் எழுதி வாங்குவோம். இரண்டு, ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் உறுப்பினர்கள் இவர்களுக்குக் கயிறும் ஹெல்மெட்டும் தவணையில் கொடுக்கட்டும். மூன்று, வங்கிக் கணக்கு உள்ள ஒவ்வொருவரையும் பிரதமர் விபத்துக் காப்பீட்டில் சேர்த்துவிடுவோம். ஆண்டுக்கு 20 ரூபாய். விபத்தில் உயிர் போனால் குடும்பத்துக்கு 2 லட்சம். கால் முறிந்தால் மருத்துவச் செலவுக்கு அது உதவாது. ஆகவே அந்த 20 ரூபாயோடு நம் கடமை தீர்ந்தது என்றும் இருந்துவிடக்கூடாது.

அந்தத் தம்பி இப்போதும் ஆவணியில் எங்கள் கிடங்குக்கு வருகிறார். கொஞ்சம் சாய்ந்துதான் நடக்கிறார். தொகையைச் சொன்னதும் நான் கேட்பது ஒன்றுதான்: "கயிறு பிடிக்க ஆள் வருதா தம்பி?"